அறுந்த நான்கு கயிறும் அறாத ஒன்றும்

போன மாதம் ஒரு நாள், நான் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த தென்காசிப் பட்டறைக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது அங்கே இருக்கிற மெக்கானிக்குகள் மரம் அறுக்கிற சங்கிலி ரம்பம் ஒன்றைப் பிரித்து மேசைமேல் பரப்பியிருந்தார்கள். அதைக் கிளப்புவதற்காக இழுக்கிற கயிறு இரண்டு துண்டாகக் கிடந்தது.

"சார், இது மூணாவது கயிறு. எப்படிப் போட்டாலும் பதினஞ்சு நாள் தாங்க மாட்டேங்கு" என்றார் ஒருவர்.

"இழுக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

"யாரு இழுத்தா என்ன சார்? அந்துபோறது கயிறுதானே?"

இழுக்கிறவரைப் போய்ப் பார்க்காமல் நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தேன். இருந்ததோடு நிற்காமல் பார்க்காததையே காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையெழுத்தால் ஒரு மனிதருடைய பிழைப்பும் பெயரும் சேர்ந்து போகப் பார்த்தன. அந்தக் கதையை அவர்களிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. பஸ் வந்துவிட்டது. மீதியை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். முழுவதையுமே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் இலத்தூர். அப்பா வண்டி மாடு வைத்து செங்கல் ஏற்றிப் பிழைத்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவன் நான்தான். அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கடையில் பொட்டலம் கட்டி வந்த அச்சுக் காகிதத்தின் மேல் தெரியாமல் கால் பட்டுவிட்டால் உடனே குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "இதுக்குள்ள என்ன இருக்கோ, நமக்குத் தெரியாதுல்லா" என்பாள். பத்தாவது முடித்து, திருநெல்வேலியில் இரண்டு வருஷம் பிட்டர் பயிற்சி முடித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். அச்சில் இருப்பது எல்லாம் சரி என்றும், படித்தவன் எழுதினால் அதுவும் சரியாகத்தான் இருக்கும் என்றும் உள்ளூர நம்பிக்கொண்டிருந்த வயது.

பட்டறைக்கு ஃபோர்மேன் ஞானமுத்து சார். குள்ளமான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்த இயந்திரம் வந்தாலும் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வருவார். தொடமாட்டார். நாங்கள் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு போனால், "கையைப் பின்னால கட்டுலே. அது எங்கன இருந்து வருது, யாரு வச்சிருக்கா, அதைக் கேளு மொதல்ல" என்பார்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். அதில் மூன்று கட்டம்: குறை, காரணம், செய்த வேலை. எழுதி அவர் மேசையில் வைப்போம். சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவார். தவறாக இருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். காகிதத்தை அப்படியே குப்புறக் கவிழ்த்து நம் பக்கம் நகர்த்தி வைத்துவிடுவார். குப்புறக் கிடந்தால் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். திட்டு வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

முதன்முதலில் எனக்குக் குப்புற விழுந்தது கீழப்பாவூர் என்ஜினுக்கு. ஒரு தோட்டத்துக் கிணற்றில் மண்ணெண்ணெய் என்ஜின். காலையில் என்ன செய்தாலும் கிளம்பாது, மதியம் ஆனால் கிளம்பும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணிவிட்டு, 'காரணம்: கார்புரேட்டர் அடைப்பு' என்று எழுதினேன். கவிழ்த்துவிட்டார். மறுநாள் விடியற்காலையில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என்ஜின்மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. தோட்டக்காரர் வீட்டம்மாவைக் கேட்டேன்.

"நான்தான் போடுதேன் தம்பி. பகல் பூரா ஓடி அனலாக் கொதிக்கில்லா? ராத்திரியாவது அதுக்குக் குளுந்து கிடக்கட்டுமேன்னு."

அந்த ஈரம் இறங்கி, பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற மேக்னெட்டோ நனைந்துகொண்டிருந்தது. பிளக்கில் பொறி வரவில்லை. ஈரச் சாக்கைப் போட வேண்டாம் என்று சொன்னதோடு வேலை முடிந்தது. சிரித்துக்கொண்டே வந்து ஞானமுத்து சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நல்ல மனசு அந்தம்மாவுக்கு" என்றார். கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து நான் ஒன்றைக் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் ரம்பம் வந்தது. குற்றாலத்தில் ஐந்தருவிக்கு மேலே ஒரு தனியார் தோட்டத்தில் பழைய மரங்களை எடுக்க ஒரு கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்தது. அவர்கள் சீமையிலிருந்து வந்த சங்கிலி ரம்பம் ஒன்றை, மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் பழசாக வாங்கி வந்தார்கள். நம் பக்கத்தில் அதுவரை இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற ரம்பம்தான். இதை எல்லாரும் 'மிசின்' என்றே சொன்னார்கள்.

மிசினை இயக்கப் பழகியவர் இசக்கிமுத்து. நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருஷம் இழுப்பு ரம்பம் இழுத்த தோள். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து எங்கே இருக்கிறது என்று சொல்வார் என்பார்கள். முதல் கயிறு அறுந்தபோது அவரே மிசினைத் தென்காசிக்கு எடுத்து வந்தார். வெளுத்த துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். "கண்டக்டர் டிக்கெட் கேட்டான் தம்பி, இதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு" என்று சொல்லிச் சிரித்தார். பட்டறையில் தரையில் வைக்கச் சொன்னேன். துண்டை விரித்து அதன்மேல் வைத்தார். அதையும் நான் பார்த்தேன். பார்த்து என்ன?

கயிறு மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பக்கத்து மூடியில் நான்கு திருகாணி. கழற்றினால் உள்ளே ஒரு சின்னக் கப்பி, அதன் அடியில் பட்டையான சுருள்வில். கயிற்றின் ஒரு நுனி கப்பியில் முடிச்சாக இருக்கும். மறு நுனி மூடியில் உள்ள ஒரு கண் வழியாக வெளியே வந்து கைப்பிடியில் முடியும். இழுத்தால் கப்பி சுற்றி என்ஜினைச் சுழற்றும். விட்டால் சுருள்வில் கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். புதுக் கயிறு போடும்போது சுருள்வில்லை அளவாக முறுக்க வேண்டும். அதிகம் முறுக்கினால் வில் உடையும், குறைத்தால் கயிறு வெளியே தொங்கும். அதுதான் கவனம்.

முதல் கயிறு, கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு பக்கமாக நார் நாராகத் தேய்ந்து அறுந்திருந்தது. பழசு என்று நினைத்துப் பருத்திக் கயிறு போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் திரும்ப வந்தது. அதே இடம். கயிறு வெளியே வருகிற கண்ணைப் பார்த்தேன், ஓர் ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அரத்தால் அந்த ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். நல்ல வேலை செய்ததாக நினைப்பு. கயிறு எந்தப் பக்கம் சாய்ந்து இழுபடுகிறது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பள்ளம்தான். அதை நானே அழித்தேன்.

மூன்றாவதாக தூத்துக்குடியிலிருந்து மீன்பிடிக்கிற நைலான் கயிறு வரவழைத்துப் போட்டேன். ஒரு மாதம் தாங்கியது. நான்காவது எட்டே நாள். இந்தத் தடவை என்ஜினையே பிரித்தேன். பொறி முன்கூட்டியே விழுந்தால் என்ஜின் பின்னால் உதைத்துக் கயிற்றை வெட்டி இழுக்கும். அதையும் சோதித்தேன். எல்லாம் மிசினோடு வந்த புத்தகத்தில் சொன்ன அளவில் இருந்தது. பட்டறையில் கிடந்த ஒரு பழைய கயிற்றை அப்போதைக்கு மாட்டி, மிசினை முற்றத்தில் வைத்து, புத்தகப் படத்தில் உள்ளபடி பின்பிடிக்குள் பூட்ஸ் முனையை விட்டு மிதித்துக்கொண்டு, நாற்பது தடவை இழுத்துக் கிளப்பினேன். கயிற்றில் ஒரு மயிர்கூடக் கிளம்பவில்லை.

அன்றைக்குக் கம்பெனி மேனேஜர் நேரில் வந்திருந்தார். "உங்க கையில அறல, அவன் கையில மட்டும் அறுதுன்னா என்ன அர்த்தம்? இந்த மிசின் வந்ததால இழுப்பு ரம்பக்காரன் எட்டுப் பேருக்கு வேலை போச்சு. எல்லாம் இவன் சொக்காரப் பயலுவ, பங்காளிமாருவ. வேணும்னே அறுக்கான். நீங்க பாத்ததை எழுதிக் குடுங்க, போதும்" என்றார்.

ஞானமுத்து சார் அப்போது ஊரில் இல்லை. மகள் பேறுகாலத்துக்காக நாகர்கோவில் போயிருந்தார். அவர் இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற பொறுப்பு எனக்கு வந்தது இதுதான் முதல் தடவை. நல்ல இங்கிலீஷில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். குறை: கயிறு அறுதல். காரணம்: இயந்திரத்தில் பழுதில்லை, இயக்குபவரின் கைக்குற்றம். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கார்பன் நகலைக் கோப்பில் வைத்தேன். ரிப்போர்ட்டையும் மிசினையும் மேனேஜர் எடுத்துப் போனார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், இன்றைக்கு நான் எழுதினதை வைத்து ஒரு கம்பெனி முடிவு எடுக்கப் போகிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் இசக்கிமுத்து வந்தார். மிசின் இல்லாமல், துண்டு மட்டும் தோளில்.

"தம்பி, நான் வேணும்னே அறுத்தேன்னு எழுதிட்டியளாமே?"

"வேணும்னேன்னு எழுதல அண்ணாச்சி. கைக்குற்றம்னுதான் எழுதினேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குச் சொல்லுதிய. மேனேஜருக்குச் சொன்னியளா?"

கையிலிருந்த அரத்தை மேசையில் வைத்தேன்.

"சனிக்கிழமையோட நிப்பாட்டுதாவளாம். புனலூர்ல இருந்து ஆளு வருதாம். வேலை போனா போவுது தம்பி, கை இருக்கு. ஆனா மிசினை ஒடைச்சவன்னு பேரு கட்டிவிட்டா, இந்த மலையைச் சுத்தி எவன் எனக்குக் கோடாலி குடுப்பான்?" பிறகு இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். "கையில குத்தம்னு எழுதினியள்லா. இந்தக் கை வேலை பாத்து நீங்க பாத்திருக்கியளா?"

பார்த்ததில்லை. மிசின் நான்கு தடவை என்னிடம் வந்திருக்கிறது. நான் ஒரு தடவைகூட அது இருக்கிற இடத்துக்குப் போனதில்லை. அன்றைக்குப் பட்டறையில் எல்லாரும் போன பிறகு கோப்பை எடுத்து என் கார்பன் நகலைப் படித்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்தாவது கயிற்றையும், மிசினோடு வந்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினேன். சாரல் நாள். ஐந்தருவியிலிருந்து மேலே ஏறுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் வேலையில் இருந்தார்கள். கிளை கழிக்கிற செல்லத்தாய் என்கிற அம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"எய்யா, கைக்குத்தம் எழுதின தொரை வந்திருக்காவ. எல்லாரும் கையைக் கழுவிக்கிடுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். இசக்கிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "வாங்க தம்பி" என்று ஒரு மரக்கட்டையைத் துடைத்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. கயிற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் மிசினைத் துண்டின்மேல் வைத்தார். குனிந்தார். இடது கையால் முன்பிடியைப் பிடித்துக்கொண்டார். வலது கையால் கயிற்றை இழுத்தார். இழுக்கிற வேகத்தில் பின்பக்கம் துள்ளி, மிசின் முழுவதும் அவர் பக்கமாகச் சுழன்றது. அதனால் கயிறு நேராக மேலே வராமல் கண்ணின் ஓரத்தில் மடங்கி, இடுப்புப் பக்கமாகச் சாய்ந்து வந்தது. பட்டறையில் நான் அரத்தால் தேய்த்தேனே, அதே ஓரம். நான்கு கயிறு அறுந்த கதை ஒரே இழுப்பில் என் முன்னால் நடந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் இல்லையா? "அண்ணாச்சி, இவ்வளவுதான் விஷயம்!" என்று புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன். படத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் பூட்ஸ் காலைப் பின்பிடிக்குள் விட்டு மிதித்துக்கொண்டு நிமிர்ந்து இழுக்கிறார். "இப்படிக் காலை வச்சு அமுக்கிக்கிட்டா அது துள்ளாது. கயிறு நேரா வரும். அறவே அறாது."

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு அருவிப் பக்கம் பார்த்தார்.

"அண்ணாச்சி அதை மிதிக்க மாட்டாவ தம்பி" என்றாள் செல்லத்தாய். "மிசினுக்குத் தாலி கட்டாத கொறதான். குளுப்பாட்டி, தொடச்சி, தல மாட்டுல வச்சித்தான் படுக்காவ. வீட்டுல மதினி கோவிச்சிக்கிட்டுப் போவப் போறாவ."

திரும்பவும் சிரிப்பு. எனக்கு அப்போதும் புரியவில்லை. செய்து காட்டினால் கற்றுக்கொள்வார் என்று நினைத்தேன். புத்தகத்தைக் கட்டைமேல் வைத்துவிட்டு, மிசினைத் துண்டிலிருந்து எடுத்து ஈரத் தரையில் வைத்தேன். சேறு அப்பிய பூட்ஸ் காலைப் பின்பிடிக்குள் விட்டு அழுத்தி ஒரே இழுப்பு. கிளம்பிவிட்டது. "பாத்தியளா?" என்று சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

அவர் முகத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. கோபம் இல்லை. நம் கண் முன்னால் யாரோ நம் பிள்ளையை அடித்தால், அடித்தவர் பெரியவராக இருப்பதால் ஒன்றும் சொல்ல முடியாமல் நிற்போமே, அப்படி நின்றார். நான் மிசினை நிறுத்தியதும் கிட்டே வந்தார். துண்டின் ஒரு முனையால், என் பூட்ஸ் பட்ட இடத்தைச் சேறு போகத் துடைத்தார். துடைத்துவிட்டு அந்த இடத்தைத் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். கட்டைமேல் வைத்த புத்தகம் எப்போது சரிந்து விழுந்தது என்று தெரியாது. என் கால் அதன்மேல் பட்டது. பட்டது தெரிந்ததும் குனிந்தேன், எடுத்தேன், சேற்றைச் சட்டையில் துடைத்தேன், கண்ணில் ஒற்றினேன். யோசித்துச் செய்ததில்லை. அம்மா செய்கிற மாதிரியே, கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது.

நிமிர்ந்தால் இசக்கிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன தம்பி?"

"கால் பட்டுட்டு."

"காகிதம்தானே?"

"ஆமா. ஆனா..."

அவர்தான் மெதுவாகச் சொன்னார்:

"உங்களுக்குச் சோறு போடுதது அது. எனக்கு இது. அவ்வளவுதான் தம்பி."

யாரும் சிரிக்கவில்லை. செல்லத்தாய் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளை கழிக்கப் போய்விட்டாள். சாரல் மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"இதை ஏன் அண்ணாச்சி முன்னாடியே சொல்லல?"

"யாருகிட்ட? மேனேஜர்கிட்டயா? சிரிப்பாவ. சிரிச்சிட்டு, 'மிதிலே'ம்பாவ. மிதிக்காம இருந்தா வேலை போகும். மிதிச்சா..." தலையை ஆட்டினார். "அதுக்குப் பதிலா வேணும்னே அறுத்தான்னே இருந்துட்டுப் போவட்டும்னு இருந்தேன். பெறவுதான் பேரு கெட்டா பொழப்பே போயிரும்னு தோணிச்சு. அதான் உங்ககிட்ட வந்தேன்."

நான் திரும்பவும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை உண்மையாகவே பார்த்தேன். மிசினுக்கு என்ன வேண்டும்? பின்பக்கம் துள்ளக் கூடாது. அவ்வளவுதான். கால்தான் வேண்டும் என்று மிசின் கேட்கவில்லை. படம் போட்டவர் ஊரில் கால் வைத்தார்கள், போட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, கால் வேண்டாம். வேற எதாவது இந்தப் பின்பிடியைத் தரையோட பிடிச்சுக்கிட்டா போதும்" என்றேன்.

அவர் மிசினைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். கழித்துப் போட்டிருந்த கிளைகளில் ஒன்றை இழுத்து, தன் அரிவாளால் நாலே வெட்டில் ஒரு கவட்டைக் கம்பு எடுத்தார். அதைத் தலைகீழாக்கி, கவட்டையின் இரண்டு காலும் பின்பிடிக்கு இரண்டு பக்கமும் தரையில் இறங்குகிற மாதிரி அடித்தார். பின்பிடி கவட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். ஈர மண்ணில் கவட்டை பிடுங்கிக்கொண்டு வந்து அவர் முழங்காலில் விழுந்தது.

"இதுவும் கைக்குத்தம்னு எழுதிராதிய" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

இரண்டாவது கவட்டையை ஒரு முழம் நீளமாக வெட்டி, முனையைச் சீவி, சற்றுச் சாய்த்து அடித்தார். மிசின் அசையவில்லை. இரண்டு கையும் இப்போது அவருக்குச் சும்மா இருந்தன. நிமிர்ந்து நின்று கயிற்றை நேர் மேலே இழுத்தார். கிளம்பியது. இருபது தடவை இழுக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கயிற்றை விரலால் தடவிப் பார்த்தேன். நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் பட்டறைக்குப் போனால், என் மேசையில் ஒரு காகிதம் குப்புறக் கிடந்தது. திருப்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. ஞானமுத்து சார் வந்துவிட்டார். கோப்பிலிருந்து என் கார்பன் நகலை எடுத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

புதிதாக எழுத உட்கார்ந்தேன். முந்தையதை எழுதக் கால் மணி நேரம் ஆனது. இதற்கு மதியம் ஆகிவிட்டது. 'நான் முன்பு எழுதியது தவறு' என்று எழுதுவதற்கு, படித்தவன் என்கிற நினைப்பு விடவே இல்லை. ஒரு வழியாக இப்படி முடித்தேன்: கிளப்பும்போது ரம்பத்தைத் தரையோடு பிடித்து நிறுத்த ஏற்பாடு இல்லாததால் கயிறு சாய்வாக இழுபட்டு அறுந்தது. இயக்குபவரிடம் தவறில்லை. வேலை நடக்கும் இடத்தைப் பார்க்காமல் நான் முன்பு எழுதிய அறிக்கை தவறு. கவட்டை மாட்டிச் சோதித்ததில் குறை நீங்கியது. கண்ணுக்குப் புதிதாகப் பித்தளை வளையம் போடப்படும்.

சார் படித்தார். "பின்பிடியில கால் வைக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கே. ஏம்லே எழுதல?"

நடந்ததைச் சொன்னேன். துண்டு, பூட்ஸ், புத்தகம் எல்லாம். "அதை எழுதினா மேனேஜர் அவரை மிதிக்கச் சொல்லுவாரு சார். எழுத மனசு வரல."

அவர் காகிதத்தை மேசைமேல் வைத்து ஒரு முனையைப் பிடித்தார். கவிழ்க்கப் போகிறார் என்று பயந்தேன்.

"ஒரு ஆளு செய்ய மாட்டேங்குறதும் ஒரு அளவுதாம்லே. நீளம், அகலம் மாதிரி. அதையும் எடுத்துக்கிட்டுத்தான் வேலை பாக்கணும்" என்றார். கையெழுத்துப் போட்டார். "தபால்ல அனுப்பாத. கையில கொண்டு போ. தப்புன்னு நீயே வாயால சொல்லு."

கம்பெனி அலுவலகம் கோவிலுக்குப் பின்னால் இருந்தது. மேனேஜர் படித்துவிட்டுக் காகிதத்தை மேசையில் தட்டினார். "அன்னைக்கு ஒன்னு எழுதின. இன்னைக்கு ஒன்னு. எதைத் தம்பி நான் நம்பணும்?"

"இதைத்தான் சார். அது பாக்காம எழுதினது. தப்பு என்னுது."

"கவட்டைக் கம்பு! சீமை மிசினுக்குக் கவட்டைக் கம்பா?" என்று என்னையே பார்த்தார். கடைசியில், "சரி. சாரல் முடியட்டும். அதுக்குள்ள ஒரு கயிறு அந்துச்சுன்னா அவனும் இல்ல, ஒங்க பட்டறைக்கும் இனிமே வேலை இல்ல. போ" என்றார்.

அன்று மாலையே பித்தளையில் வளையம் கடைந்து எடுத்துப் போய் மாட்டிவிட்டு வந்தேன். அதன் பிறகு காத்திருப்புதான். ஆனி போய் ஆடி வந்தது. பட்டறை வாசலில் யாராவது துண்டில் எதையாவது சுற்றிக்கொண்டு இறங்கினால் ஓடிப் போய்ப் பார்ப்பேன். ஒரு தடவை பலாப்பழம். இன்னொரு தடவை யாருடைய கைக்குழந்தையோ. ஞானமுத்து சார் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் குற்றாலம் பஸ் வருகிற நேரத்துக்கு அவரும் வாசல் பக்கம் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆவணிக் கடைசியில் இசக்கிமுத்து வந்தார். துண்டில் சுற்றிய மிசின் தோளில் இருந்தது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"அந்துட்டா அண்ணாச்சி?"

அவர் துண்டை விரித்து மிசினை வைத்தார். "நீங்களே கழத்திப் பாருங்க."

நான்கு திருகாணியையும் கழற்றினேன். கயிறு முழுசாக இருந்தது. கைப்பட்டு, எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. கப்பியில் நான் போட்ட முடிச்சு அப்படியே. கைப்பிடி முடிச்சு அப்படியே. நடுவில் எங்கேயும் நார் பிரியவில்லை. பித்தளை வளையம் வட்டமாகவே இருந்தது.

"சாரல் முடிஞ்சிட்டு. மேனேஜர் என்னையவே வச்சிக்கிட்டாவ. புனலூர்க்காரனை வேண்டாம்னுட்டாவ" என்றார். "மிசினை ஒருக்க சுத்தம் பண்ணித் தாங்க. அதுக்கு முன்னால ஒரு காரியம்."

"சொல்லுங்க."

"அறுத்தான்னு எழுதினியள்லா. அறலைன்னும் ஒன்னு எழுதுங்க."

அறாத கயிற்றுக்கு ரிப்போர்ட் எழுதுகிற வழக்கம் எந்தப் பட்டறையிலும் கிடையாது. நான் உள்ளே பார்த்தேன். ஞானமுத்து சார் தன் மேசையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, என் பக்கம் நீட்டினார்.

இந்தத் தடவை தமிழில் எழுதினேன். குறை என்ற கட்டத்தில், 'இல்லை. கயிறு அறவில்லை' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், 'இசக்கிமுத்து சரியாக நிறுத்தி, நேராக இழுத்தார்' என்று எழுதினேன். செய்த வேலை என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை, ஒரு கோடு போட்டேன். சார் கையெழுத்துப் போட்டார்.

அவருக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இதுல என் பேரு எங்கன இருக்கு?"

காட்டினேன். எண்ணெய் பட்டுவிடாமல் விரலைத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த எழுத்துகளின் மேல் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணாச்சி."

"போதும்" என்றார். காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.